ஹேட்ச் வாயில் உட்கார்ந்தவர்

அவர் எந்த இடத்துக்கு வந்தாலும் முழுதாக உள்ளே வரமாட்டார். கல்யாண மண்டபம் என்றால் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். சினிமாவில் கதவோர இருக்கை கிடைக்காவிட்டால் டிக்கெட்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். என் வீட்டுக்கு இருபது வருடங்களுக்கு மேல் வந்துபோனவர். ஆனால் கூடத்துச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நிலைப்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து உட்கார்ந்து காப்பி குடிப்பார். என் மனைவி முதலில் சங்கடப்பட்டாள். பிறகு அவர் வரும் நேரத்துக்கு நிலைப்படியில் ஒரு சாக்கை மடித்துப் போட ஆரம்பித்தாள்.

மேஸ்திரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பெயரை நான் எழுதப்போவதில்லை, அவருக்குப் பிடித்திருக்காது. துறைமுகத்தில் கப்பலின் அடியறைக்குள் இறங்கிச் சரக்கு அள்ளும் கூலியாட்களில் ஒரு குழுவுக்கு அவர் மேஸ்திரி. நான் அதே கப்பல்களில் எத்தனை லோடு இறங்கியது என்று கோடு போட்டுக் குறிக்கும் டேலி கிளார்க். அதனால் என்னை ‘டேலி’ என்றே அழைப்பார். இருவருக்கும் திருவொற்றியூரில் ஒரே தெரு. காலையில் ஒரே பஸ்ஸில் ராயபுரம் போய் இறங்குவோம். பஸ் எவ்வளவு காலியாக இருந்தாலும் அவர் படிக்கட்டில்தான் நிற்பார். புதிதாக வந்த ஒரு கண்டக்டர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்.

“பெருசு, உள்ள ஏறு. உள்ள இன்னா பாம்பா கீது?”

“காத்து இல்ல நைனா.”

“உன்னப் பாத்துதான் பசங்க கெட்டுப்போறானுங்க.”

“நல்ல விஷயத்தத்தான கத்துக்கறானுங்க,” என்றார் இவர். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காற்றைப் பற்றி அவர் விளையாட்டாகப் பேசியதே இல்லை.

துறைமுகத்தில் ‘ஹேட்ச்’ என்று நாங்கள் சொல்வது கப்பலின் மேல்தளத்தில் உள்ள பெரிய திறப்பு. அதன் வழியாகத்தான் அடியறையிலிருந்து சரக்கு வெளியே வரும். மற்ற மேஸ்திரிகள் மூடி திறந்ததும் ஆட்களை இறக்கிவிடுவார்கள். இவர் மட்டும் அரை மணி நேரம் நிறுத்தி வைப்பார். “மொதல்ல காத்து எறங்கட்டும், அப்பால நாம எறங்கலாம்” என்பார். அதிகாரிகள் கத்துவார்கள். அவர் பீடிகூடப் பற்றவைக்காமல் திறப்பின் விளிம்பில் உட்கார்ந்து குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்கள் இறங்கிய பிறகும் அதே இடத்தில்தான் இருப்பார். ஒருவன் தலை ஆடினாலும் மேலேயிருந்து அவனைக் கூப்பிடுவார். சாப்பாட்டுக்குக்கூட நகரமாட்டார், தூக்குவாளி அவரிடம் வந்துவிடும். கந்தகக் கப்பல் வந்த வாரங்களில் அவர் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் கறுத்துவிடும். புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு வருவார். அடுத்த கப்பலில் மறுபடி கறுக்கும்.

துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தரைக்குக் கீழே உள்ள தண்ணீர்த் தொட்டியைக் கழுவ இரண்டு ஆட்கள் வந்தார்கள். ஒன்றரை மாதமாக மூடிக் கிடந்த தொட்டி. இவர் போய் அதன் வாயில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வாளிக்குள் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக் கயிற்றில் இறக்கினார். பாதி ஆழம் போனதும் அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றினார்; மறுபடி அணைந்தது. வீட்டுக்காரருக்கு அவசரம், மறுநாள் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். “மாமு, வேலைய நடக்க வுடு” என்று கெஞ்சினார், பிறகு திட்டினார். மத்தியானம் வரை இவர் எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு ஆட்களும் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார்கள். மெழுகுவர்த்தி அணையாமல் அடிவரை போய்வந்த பிறகுதான் எழுந்தார். அந்த வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு அவரை அழைக்கவில்லை.

அன்று மாலை அவருடைய தம்பி மனைவி தன் வீட்டு வாசலில் நின்று, எதிர்வீட்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்த அவர் காதில் விழும்படி என்னிடம் சொன்னார்: “எவனோ ரெண்டு பேருக்கு மட்டும் நல்லா குந்த தெரியுது, பாத்தியாண்ணா.”

இந்த இடத்தில் நான் பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். இருபத்துமூன்று வருடங்களுக்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைய தேதிக்கு என் டைரியில் நான்கு வரிகள்தான் இருக்கின்றன. எழுதாமல் விட்டதையும் நான் மறக்கவில்லை.

கந்தகக் கப்பல் ஒன்று நின்றிருந்தது. பாதி இறக்கியிருந்த நிலையில் மழை பிடித்தது. ஹேட்சை மூடினார்கள். இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை வெயில் வந்தது. பெரிய மூடிகளைத் திறக்கக் கப்பல்காரர்கள் நேரமெடுத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கீழே கரையில் லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அடியறைக்கு ஏணி வழியாக இறங்க, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சிறிய துளை தளத்தில் தனியாக உண்டு. மண்வெட்டிகள் எல்லாம் உள்ளே கிடந்தன. மூடி திறப்பதற்குள் அவற்றைக் கயிற்றில் கட்டி வைத்துவிட்டால் வேலை சீக்கிரம் தொடங்குமே என்று குழுவில் ஒருவன் அந்தத் துளையின் மூடியைக் கழற்றி இறங்கினான். முந்தாநாள்வரை இறங்கிய இடம்தானே என்று அவன் நினைத்திருப்பான். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கடைசிப் படியில் அவன் கை நழுவியது.

மூடிய அறையில் கந்தகம் கிடந்தால் அதிலிருந்து ஒரு வாயு வரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் நாற்றமே தெரியாது; மூக்கு முதலில் செத்துவிடும். இதெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டதுதான். ஆனால் ஒருவன் கண்ணெதிரே விழும்போது எந்தப் பாடமும் நினைவுக்கு வருவதில்லை. மேஸ்திரியின் தம்பியும் அதே குழுவில் இருந்தார். “டேய், டேய்” என்று கூப்பிட்டுக்கொண்டே அவர் இறங்கினார். விழுந்தவனின் சட்டையைப் பிடித்தார். பிடித்தபடியே அவன்மேல் சாய்ந்தார்.

சத்தம் கேட்டு மேஸ்திரி ஓடிவந்தபோது துளையைச் சுற்றி நாங்கள் ஆறு பேர். ஒருவன் ஏற்கெனவே காலை உள்ளே விட்டிருந்தான். மேஸ்திரி அவனை இழுத்துத் தள்ளினார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். எழுந்து நிற்பதற்குப் பதிலாக அப்படியே அந்தத் துளைமேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தீயணைப்பு ஆட்கள் மூச்சுக் கருவியோடு வந்துசேர இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. அதுவரை ஆறு பேரும் அவரை அங்கிருந்து பெயர்க்கப் பார்த்தோம். ஒருவன் பலகையால் அவர் தோளில் அடித்தான். அந்த இடது தோள் பிறகு ஒருபோதும் முழுதாக மேலே எழவில்லை. அடித்தவன் நான் இல்லை. காலரைப் பிடித்து இழுத்தவன் நான். “எவனும் எறங்கக் கூடாது” என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. இருவரையும் பிணமாகத்தான் எடுத்தார்கள். முதல் ஓரிரண்டு நிமிடத்திலேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

தம்பி மனைவிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ராயபுரத்தில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. மகளுக்கு ஆறு வயது. மார்ச்சுவரி வாசலில் யாரோ ஆறுதலாகப் பேசுவதாக நினைத்து, மேஸ்திரி மட்டும் இல்லையென்றால் இன்னும் ஆறு உயிர் போயிருக்கும் என்றார்கள். அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “ஊரு புள்ளைங்க ஆறு பேர காப்பாத்திட்டான். எங்க குந்திகினு காப்பாத்தினான்? எங்கூட்டுக்காரன் மேல குந்திகினு.”

அதற்குப் பிறகு அவர் மேஸ்திரியிடம் நேராக ஒரு சொல் பேசவில்லை. கருமாதியன்று வாசலில் உட்கார்ந்திருந்தவரை எழுந்து போகச் சொல்லும்படி என்னிடம்தான் சொன்னார். நான் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து போனார். அன்று தொடங்கிய வேலை எனக்கு இருபத்துமூன்று வருடம் நீடித்தது. இரண்டு வீடுகளும் எதிரெதிர். நடுவில் பன்னிரண்டடித் தெரு. குழந்தைக்குக் காய்ச்சல் என்பதை அந்தம்மா என்னிடம் சொல்ல, நான் மேஸ்திரியிடம் சொல்ல, அவர் ஆட்டோ கூட்டிவருவார். மேஸ்திரி மழைக்கு முன்னால் கூரை ஓடுகளை மாற்றச் சொல்வார், நான் போய்ச் சொல்ல, “யாரு சொன்னது, நீயா?” என்பார் அந்தம்மா. நான் என்று சொன்னால்தான் ஓடு மாறும். நான் வெளியூர் போயிருந்த நாட்களில் அந்த இரண்டு வீடுகளுக்கும் இடையில் எதுவும் நடக்காது. பெண் மட்டும் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும். அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது பெரியப்பாதான். பள்ளியின் கேட்டுக்குள் அவர் கால் வைத்ததில்லை. கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் எல்லோரும் வெளியே வரும்வரை நின்று, கடைசிப் பிள்ளை வந்த பிறகுதான் நகர்வார். தம்பி மகள் முதலிலேயே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாலும் நகரமாட்டார்.

ஒருமுறை நான் அவரிடமே கேட்டேன். நீங்களாகவே ஒரு தடவை அந்தம்மாவிடம் போய்ப் பேசினால் என்ன, உள்ளே இருந்த நிலைமையைச் சொன்னால் என்ன என்று. அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“டேலி, நீ உன் சீட்டுல கோடு போடு,” என்றார்.

நானும் என் பங்குக்கு, அவர் விதியைப் பிடித்துக்கொண்டு வாழும் மனிதர், உள்ளே இறங்கக்கூடாது என்பது விதி, அதனால் இறங்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவுகட்டி வைத்திருந்தேன். அவரை மதித்தேன். கொஞ்சம் பயமாகவும் இருந்தது. தம்பி காலடியில் கிடக்கும்போது இருபத்திரண்டு நிமிடம் அசையாமல் உட்கார ஒருவரால் முடியும் என்றால் அவருக்குள் என்னதான் இருக்கிறது என்று அவ்வப்போது நினைப்பேன்.

அந்தப் பெண் படித்து, இந்தோனேசியாவில் பாலித் தீவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலைக்குப் போனாள். இரண்டாம் வருடம் அம்மாவையும் பெரியப்பாவையும் அழைத்தாள். வந்தால் இரண்டு பேரும் வர வேண்டும், ஒருவர் மட்டும் என்றால் யாரும் வர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இரண்டு பேருமே என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன்.

விமானத்தில் எனக்கு நடு இருக்கை. அந்தம்மா தலைவலித் தைலம் இருக்கிறதா என்று அந்தாளைக் கேட்கச் சொல்வார். நான் வலப்பக்கம் திரும்பிக் கேட்பேன். அவர் பையிலிருந்து எடுத்து என் கையில் வைப்பார். பணிப்பெண் நின்று வெளியேறும் வழிகளைக் காட்டியபோது விமானத்தில் அதை முழுதாகக் கேட்டவர் மேஸ்திரி ஒருவர்தான். இருக்கையிலிருந்து பாதி எழுந்து, கதவுவரை எத்தனை வரிசை என்று விரல்விட்டு எண்ணினார். “இந்த வண்டில அந்தப் பொண்ணு ஒருத்திதான் வேல தெரிஞ்சவ” என்றார்.

ஓர் ஏரிக்குப் போக வேண்டும் என்றார் அந்தம்மா. மகள் எப்போதோ அனுப்பிய படங்களில் ஒன்றில், மஞ்சள் பாறைகளைக் கூடையில் சுமந்து ஆட்கள் ஏறுவதைப் பார்த்திருக்கிறார். பக்கத்து ஜாவாத் தீவின் கிழக்குக் கோடியில் ஓர் எரிமலை. அதன் வாய்க்குள் ஓர் ஏரி. கரையில் கந்தகம் வெட்டுகிறார்கள். நம் துறைமுகத்துக்கு வந்த கந்தகம் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளிலிருந்து வந்தது, இந்த மலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நான் அவருக்கு விளக்கினேன்.

“மஞ்சளாதான கீது?” என்றார்.

“மஞ்சள்தான்.”

“அப்ப போலாம்.”

மகளுக்கு அன்று ஹோட்டலில் வேலை. படகும் காரும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்து கொடுத்தாள். வழிகாட்டி நாற்பது வயதுக்கு மேற்பட்டவர். பத்து வருடம் அதே மலையில் கந்தகம் சுமந்தவராம். தோளில் மூங்கில் அழுத்திய இடம் மேடாக இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. தொழுகைக்காகச் சுமைக்காரர்களில் பலர் சீக்கிரமே முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். விடியற்காலையில் வரும் சுற்றுலாக் கூட்டமும் கலைந்துவிட்டிருந்தது. மலை உச்சியின் விளிம்புக்கு நாங்கள் ஏறி முடித்தபோது காலை ஒன்பது மணி. அங்கே வேறு யாரும் இல்லை.

விளிம்பிலிருந்து கீழே பார்த்தால் பெரிய கிண்ணம் மாதிரி பள்ளம். செடி, புல் ஒன்றும் கிடையாது. அடியில் பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். அதன் ஓரத்தில் ஓரிடத்திலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கீழே இறங்க பாறைகளில் வெட்டிய ஒரு வழி. மேஸ்திரி அந்த வழி தொடங்கும் இடத்தில் ஒரு கல்லாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் எதிர்பார்த்ததுதான். வழிகாட்டி கொண்டுவந்த முகமூடிகளை ஒவ்வொன்றாக வாங்கி மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றைக் கழித்துவிட்டார்.

“எறங்க வோணான்னு சொல்லு, டேலி,” என்றார்.

நான் சொன்னேன். அந்தம்மா தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். “எறங்கத்தான் வந்தேன்னு சொல்லு.”

அவர் கொஞ்ச நேரம் புகை போகும் திசையைப் பார்த்தார். “அந்தம்மா முன்னால போவட்டும். நீ பின்னால போ. அந்த மன்சன் சொல்றத மட்டும் கேளுங்க. மேல நான் கீறேன்னு சொல்லிடு.”

இதை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. கேட்டபடியே அந்தம்மா இறங்கத் தொடங்கிவிட்டார்.

ஏரிக்கரைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாறைச் சரிவில் குழாய்கள் பதித்திருந்தார்கள். அவற்றின் வழியாக வரும் ஆவி குளிர்ந்து இரத்தச் சிவப்பில் சொட்டியது. தரையில் ஆறியதும் மஞ்சள். ஒருவர் கம்பியால் அதைப் பெயர்த்தார். இன்னொருவர் இரண்டு கூடைகளில் நிரப்பி மூங்கிலின் இரண்டு முனைகளிலும் மாட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு எங்களைக் கடந்து மேலே போனார். அந்தம்மா ஒரு சிறு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார், இறாலைப் பார்ப்பது போல. பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தார். திரும்பலாம் என்றார்.

ஏறும்போது முக்கால் பங்கு வந்துவிட்டோம். மூச்சு வாங்க ஒரு பாறையடியில் நின்றபோது காற்று திரும்பியது. வழிகாட்டி கையை நீட்டி ஏதோ சொல்வதற்குள் புகை வந்து மூடிவிட்டது. என் கைக்கடிகாரம் எனக்குத் தெரியவில்லை. வழிகாட்டி எங்களைப் பாறையோடு சேர்த்துக் குந்த வைத்தார். நடக்காதீர்கள், ஒரு பக்கம் பள்ளம் என்று கையாலேயே சொன்னார். கண்ணைத் திறக்க முடியவில்லை. முகமூடிக்குள் மூச்சு போதவில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு எந்தப் பக்கமாவது ஓடவேண்டும் போலிருந்தது. எந்தப் பக்கமும் இல்லை. வழிகாட்டி என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இல்லாவிட்டால் ஓடியிருப்பேன்.

அந்தம்மா முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தி என் காதருகே பேசினார். “பயப்படாதண்ணா. மேல அந்தாளு கீறான். ஒருத்தனையும் எறங்க வுட மாட்டான்.”

கேலியா, தைரியம் சொன்னாரா என்று தெரியவில்லை. குரலில் நடுக்கம் இல்லை. சற்று நேரம் கழித்து மறுபடி பேசினார். “இப்டித்தான் இருந்திருக்குமா அவருக்கு?”

இருபத்துமூன்று வருடத்தில் அவர் என்னிடம் கேட்காத கேள்வி. நான் உள்ளதைச் சொன்னேன். “இல்லம்மா. அங்க புகை இல்ல. கண்ணு எரிஞ்சிருக்காது. ரெண்டு மூச்சு, மூணு மூச்சு. அதுக்கு மேல அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

“மூணு மூச்சு,” என்றார். பக்கத்தில் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு முகமூடியைச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

பத்து நிமிடம் இருக்கலாம். மேல்பக்கத்திலிருந்து கல் உருளும் சத்தம் வந்தது. இருமல் சத்தம். சுமைக்காரர் யாரோ என்று நினைத்தேன். வழிகாட்டி அதட்டலாகக் குரல் கொடுத்தார். அந்த இருமல் நெருங்கி வந்து எங்கள்மேல் விழாத குறையாகப் பாறையில் மோதியது. புகை கொஞ்சம் மெலிந்திருந்தது; கண்ணை இடுக்கிப் பார்த்தேன். முகத்தில் ஈரத்துண்டு கட்டியிருந்தார். இடது தோள் இறங்கியிருந்தது. முகமூடி இல்லை.

“டேலி,” என்றார். “டேலி. மூணு பேரும் கீறீங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் அந்தம்மா தன் முகமூடியைக் கழற்றினார். அவரை நேராகப் பார்த்துப் பேசினார்.

“உன்ன யாரு எறங்கச் சொன்னது? மேல இப்ப யாரு கீறா?”

அவர் இருமினார்.

“கேக்கறேன்ல. மேல யாரு கீறா? நீ மேல கீறன்னுதான் நான் இங்க குந்தினு கீறேன்.”

“குந்த முடில,” என்றார் அவர்.

“அன்னிக்கு முடிஞ்சுதே. அன்னிக்கு எப்டி குந்தின?”

வழிகாட்டி பேசாதீர்கள் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. மேஸ்திரி துண்டைக் கண்ணில் அழுத்திக்கொண்டார். பேசுவதற்கு அவருக்கு இரண்டு தடவை முயற்சி தேவைப்பட்டது.

“அன்னிக்கு எனக்குப் பின்னால ஆறு பேர் கீறானுங்க. நான் எறங்கினா ஆறும் எறங்கும். இன்னிக்கிப் பின்னால யாரும் இல்ல.”

நான் அந்த ஆறில் ஒருவன். அவர் காலரைப் பிடித்து இழுத்த கை என் முழங்காலின்மேல் இருந்தது. உள்ளே இறங்க விரும்பாததால் அவர் உட்கார்ந்தார் என்றுதான் இத்தனை வருடம் நான் நினைத்திருந்தேன். அந்தத் துளையின் விளிம்பை இரண்டு கைகளாலும் அவர் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது எங்களைத் தடுக்க மட்டும் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தம்மா மேஸ்திரியின் பக்கம் கையை நீட்டினார். அவர் முகத்திலிருந்த துண்டைப் பிடுங்கினார். தன் முகமூடியை அவர் முகத்தில் வைத்துத் தலைக்குப் பின்னால் பட்டையை மாட்டினார். மேஸ்திரி அந்தம்மாவுக்கு மூத்தார் முறை. அந்தக் குடும்பத்தில் தம்பி மனைவி கணவனின் அண்ணனைத் தொடமாட்டாள். மேஸ்திரி விலகப் பார்த்தார். “சும்மா இரு” என்று அந்தம்மா அதட்டினார். அந்தத் துண்டைத் தன் மூக்கில் சுற்றிக்கொண்டார். நூறு மூச்சு ஆனதும் முகமூடியைத் தான் வாங்கிக்கொண்டு துண்டைக் கொடுத்தார். மறுபடி மாற்றினார். இப்படி நான்கு தடவை நடந்தது. நான் என் முகமூடியைக் கொடுக்க முன்வந்தபோது இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள்.

புகை எப்படி வந்ததோ அப்படியே விலகியது. பள்ளத்தின் எதிர்ச்சுவர் தெரிந்தது, பிறகு ஏரி. கடிகாரத்தைப் பார்த்தேன், இருபத்தாறு நிமிடம். மேஸ்திரியின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டுவிட்டன. கையை முன்னால் நீட்டிப் பாறையைத் தேடினார்.

“நீங்க போங்க,” என்றார். “எல்லாரும் முன்னால போங்க. நான் கடசீல வரேன்.”

“கண்ணு தெரியாத ஆளு கடசீல வந்து எங்க போய் விழறது?” என்றார் அந்தம்மா. துண்டின் ஒரு முனையை அவர் உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கினார். மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். “மாமா, காலத் தூக்கி வெய்யி. படி கீது.”

அவர் காலைத் தூக்கி வைத்தார்.

சாதாரணமாக இருபது நிமிடத்தில் ஏறியிருக்க வேண்டிய தூரம். ஐம்பது நிமிடம் ஆயிற்று. வழிகாட்டி முன்னால் போக, அவர்கள் இருவரும் நடுவில், நான் பின்னால். பதினோரு இடத்தில் நின்றோம். ஒவ்வொரு இடத்திலும் அந்தம்மாதான் முதலில் நின்று, திரும்பி, அவர் மூச்சு சீராகும்வரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.